பச்சரிசி தின்ற பாவம்

மாவரைக்க ஊறப்போட்ட அரிசியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் ஒரே சாபம்தான். ‘தின்னுடீ, நல்லா தின்னு. உன் கண்ணாலத்தன்னிக்கு மழ கொட்டப் போவுது.’ பாட்டி இதைச் சொல்லாத நாளில்லை. அத்தை அரிசி தின்னாத நாளும் இல்லை. 1985 நவம்பரில் செங்கல்பட்டில் அத்தைக்குக் கல்யாணம். அதே நவம்பரில்தான் அடையாறு பெருகிச் சென்னைக்குள் புகுந்தது. தன் மகள் தின்ற அரிசிக்கு ஒரு மாநகரமே தண்டனை அனுபவித்தது என்று பாட்டி கடைசிவரை நம்பினாள்.

சாபம் பலிக்காமல் என்ன செய்யும்? ஆடியில் கல்யாணம் கூடாது, மார்கழியில் கூடாது, புரட்டாசி பெருமாளுக்குப் போய்விட்டது. சித்திரை, வைகாசியில் வைக்கலாம். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் சம்பந்தி வீட்டாரைச் செங்கல்பட்டுக்கு வரவழைத்தால் அந்த உறவு பந்தலிலேயே முடிந்துவிடும். மிச்சத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல மாதங்கள். அது வங்கக் கடலுக்கும் தெரியும். எங்கள் கடலோரத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வருகிறது. குளிர்நாட்டுக்காரர்களுக்குக் குளிர்காலம் என்றால் பனி, எங்களுக்கு இடுப்பளவு தண்ணீர். ஏழாம் இடத்தில் சுக்கிரன் எப்படி இருக்கிறான் என்று துல்லியமாகச் சொல்லும் ஜோசியர்கள், தென்கிழக்கு வங்கக் கடலில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதே இல்லை.

அப்போதெல்லாம் நம் பக்கத்துப் புயல்களுக்குப் பெயர் கிடையாது. அந்த வழக்கம் 2004-ல்தான் வந்தது. வானொலியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்பார்கள், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் மீனவர் யாரும் இல்லை, ஆகவே இது நமக்கான செய்தி இல்லை என்று தாத்தா ரேடியோவை அணைத்துவிட்டுத் தாம்பூலத்துக்குத் தேங்காய் எண்ணப் போனார்.

தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல். அதன்மேல் லாரி செட்டில் இரவல் வாங்கிய தார்ப்பாய். முதல் நாள் இரவு பிடித்த மழையில் தார்ப்பாய் நடுநடுவே தொந்தி போட ஆரம்பித்தது. தொந்தி பெருக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் அலக்குக் கழியால் கீழிருந்து முட்டித் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். எந்த ஓரம் என்பதில்தான் சூட்சுமம். பெரியப்பா வேண்டாதவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தள்ளச் சொன்னதாக இன்றைக்கும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

கொல்லையில் கோட்டை அடுப்பு. விறகு, மாமல்லபுரம் பக்கமிருந்து வண்டியில் வந்த சவுக்குக் கட்டை. கடலோர மணலில் வளர்ந்த சவுக்கு காய்ந்திருந்தால் சடசடவென்று பிடிக்கும். நனைந்ததோ, எத்தனை மண்ணெண்ணெய் ஊற்றினாலும் குடித்துவிட்டுப் புகையும். சமையல்காரர் ஊதுகுழலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கி, ‘அடுப்பு எரியலீங்க, அழுவுது’ என்றார். புகை கூடம், திண்ணை, மணவறை எல்லாவற்றையும் சுற்றி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழைந்தபோது பெண் வீட்டில் பெரியவர், சிறியவர் அத்தனை பேர் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பிரிவதற்கு இப்படி உருகுகிற குடும்பமா என்று மாமாவின் அம்மா நெகிழ்ந்துபோனாராம். நாங்கள் திருத்தவில்லை.

தவில்காரருக்கும் அடுப்புதான் கதி. ஈரத்தில் தோல் தொய்ந்து, தட்டினால் தலையணையில் அடித்த மாதிரி கேட்டது. அவர் தவிலைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய் அடுப்போரம் சூடு காட்டுவார், தோல் இறுகியதும் ஓடிவந்து நாலு அடி அடிப்பார், மறுபடியும் கொல்லைக்குப் போவார். முகூர்த்த நேரத்தில் அவர் அடுப்பங்கரையில் இருந்தார். கெட்டிமேளம் அங்கிருந்தே வந்தது. தாலி ஏறும் நேரத்தில் பிசகில்லை, அவருக்குக் காது கூர்மை.

மாப்பிள்ளை வீடு மதுராந்தகம். அந்த ஊருக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1790-களின் கடைசியில், உடையும் நிலையில் இருந்த ஏரிக்கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நின்றதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் பார்த்ததாகக் கதை. அதிலிருந்து அந்த ஊர்க் கோயில் ராமர் ஏரி காத்த ராமர். மாமா வீட்டார் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். ஏரியை அவர் காத்தார். வழியில் இன்னொரு சின்ன ஏரியின் கலங்கல் வழிந்து சாலையை அறுத்துவிட்டது; சாலை ராமர் பொறுப்பில் இல்லை. கடைசியில் மாப்பிள்ளை, குடைக்காம்பைக் கட்டிப்பிடித்தபடி, வரிசைத் தட்டுகளோடும் நெல் மூட்டைகளோடும் ஒரு டிராக்டரில் வந்து இறங்கினார். குதிரைச் சாரட்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வரவில்லை.

வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை என்பதுதான் பெரிய விஷயம். கல்யாணம் முடிந்து நாள் கணக்கில் சம்பந்தி வீட்டார் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். வீட்டுக்கு ஐந்தாறு பேராகப் பிரித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு வாத்தியார், பக்கத்து பாய் வீடு, ரயில்வே குவார்ட்டர்ஸ், எல்லா இடத்திலும் மாப்பிள்ளையின் மாமன்கள் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். கல்யாண லட்டு தீர்ந்து, காய்கறி தீர்ந்து, கடைசியில் எல்லோருக்கும் புளிரசமும் சுட்ட அப்பளமும். அப்படிப் படுத்திருந்த ஒரு மாமன் குவார்ட்டர்ஸில் இன்னொரு சம்பந்தம் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மொய் எழுதிய கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாத்தியார்தான் மொய் நோட்டு. திண்ணையோரம் மேஜை போட்டு, மை ஊற்றுகிற பேனாவால், முத்து முத்தாக எழுதினார். பந்தல் ஒழுகி நோட்டு நனைந்தது. சாயங்காலம் தாத்தா திறந்து பார்த்தபோது பக்கம் முழுக்க ஒரே நீலம். யார் 11, யார் 21, யார் 51 என்று பிரம்மாவுக்கும் தெரியாது. உண்டியலில் இருந்த மொத்தத் தொகை மட்டும் தெரியும். தாத்தா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, எல்லோரும் 51 வைத்ததாக வைத்துக்கொள்ளச் சொன்னார். உண்டியல் கணக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் அதுவே தீர்ப்பு. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷம் செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் எங்கள் வீடு 51-க்குக் குறையாமல் வைத்துக்கொண்டிருந்தது. 11 ரூபாய் வைத்தவர்கள் எங்களைக் கர்ண பரம்பரை என்று பேசிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் சொல்லி, ‘அது கல்யாணம்!’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. கவனித்திருக்கிறேன், பெருமூச்சு விடுவது அத்தனையும் ஆண்கள். அத்தனை பேருக்குச் சோறு வடித்த பெரியம்மா அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். வீட்டுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் கொல்லைக் கோடியில், முழங்கால் தண்ணீரில். கூரைப் புடவையின் அரக்குச் சாயம் ஓடி மாமாவின் பட்டு வேட்டி ரோஜா நிறமாகிவிட்டது. அத்தை காய்ச்சலோடுதான் மறுவீடு போனாள். வரமுடியாது என்று சொல்லியனுப்ப வழி இல்லாததால் வந்தவர்கள், திரும்பிப்போக வழி இல்லாததால் தங்கியவர்கள். இதில் பாசம் எவ்வளவு, பாலாற்றங்கரைச் சாலைகளின் லட்சணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நடுவில் 2015 வந்தது. டிசம்பர் 1-ந் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. அந்த வாரம் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் பல நிரம்பி வழிந்தன. பாய், போர்வை, பந்திச் சாப்பாடு எல்லாம் இருந்தது, கல்யாணம் மட்டும் இல்லை. நிவாரண முகாம்.

அண்ணன் மகளின் கல்யாணம் 2022 டிசம்பரில். இவள் பச்சரிசியைப் பார்த்தே இருக்கமாட்டாள். இட்லி மாவு பாக்கெட்டில் வரும் வீட்டில் வளர்ந்தவள். சாபத்துக்கு எந்த முகாந்திரமும் இல்லை. கல்யாணம் செங்கல்பட்டில் இல்லை, மாமல்லபுரம் கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டில். அந்த ஊருக்கு அப்போது நல்ல திசை. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வந்து நடந்தார்கள். 2022 ஜூலை, ஆகஸ்டில் செஸ் ஒலிம்பியாட் நடந்து முடிந்திருந்தது. உலகமே வரும் இடத்துக்கு நம் உறவுக்காரர்கள் வரமாட்டார்களா என்றான் அண்ணன். முதலில் ரிசார்ட் கிடைத்த தேதிகளை வாங்கி, அந்தத் தேதிகளை ஜோசியரிடம் கொடுத்து, அவற்றுக்குள் ஒரு முகூர்த்தம் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஜோசியரும் கண்டுபிடித்தார். அவருக்கும் அங்கே ஒரு அறை போட்டிருந்தது.

திட்டம் இதுதான். 9-ந் தேதி வெள்ளி மாலை கடற்கரை மேடையில் சங்கீத், சனி மாலை புல்வெளியில் வரவேற்பு, ஞாயிறு காலை கடலைப் பார்த்த மணவறையில் முகூர்த்தம். சங்கீத் என்றால் என்ன என்று அத்தை கேட்டாள். நலங்குக்குப் பதில் நாமே ஆடுவது என்று அண்ணி விளக்கினாள்.

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பழவேற்காட்டிலிருந்து குமரிவரை புயலுக்கு இறங்க எத்தனையோ துறை. அத்தனையையும் விட்டுவிட்டு, மாண்டஸ் என்று ஐக்கிய அரபு அமீரகம் பெயர் வைத்த அந்தப் புயல், எங்கள் பத்திரிகையில் அச்சடித்திருந்த அதே ஊரைத் தேர்ந்தெடுத்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், 2012 அக்டோபர் 31-ல், நீலம் புயல் கரையேறியதும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான். புயல்களுக்கும் பழகிய இடம்.

இந்தமுறை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. திங்கட்கிழமையிலிருந்தே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வானிலை ஆய்வாளர்கள். அமெரிக்க மாடல், ஐரோப்பிய மாடல் என்று பேசிக்கொண்டார்கள். ஒன்று புதுச்சேரி என்றது, ஒன்று சென்னை என்றது. பெரியப்பா மகன் மட்டும், கணினி மாடல் எதுவும் இல்லாமல், ‘நமக்கு நேரே வருது’ என்று திங்கட்கிழமையே சொன்னான். அவனை யாரும் நம்பவில்லை, எதிலுமே நம்புவதில்லை.

வியாழக்கிழமை ரிசார்ட்டுக்குப் போகிற வழியில் அத்தை திருவிடந்தையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நித்திய கல்யாணப் பெருமாள். தினம் ஒரு பெண்ணாக வருஷத்தில் 360 பேரைக் கட்டிக்கொண்டார் என்பது தலபுராணம். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகள் மாலை வாங்கிப்போட்டு ஒன்பது சுற்றுச் சுற்றுவார்கள். முடிந்ததும் தம்பதியாக அந்தப் பழைய மாலையோடு வருவார்கள். அத்தையும் அந்தக் காலத்தில் சுற்றியவள். ‘மழயோ வெயிலோ, இவருக்கு நாள் தவறுதா பாரு. சங்கீத் வெச்சிகினா முடியுமா?’ என்றாள். மாமல்லபுரம் வந்ததும் கிருஷ்ண மண்டபத்துக்கும் போனோம். இந்திரன் கொட்டுகிற மழைக்குக் கோவர்த்தன மலையையே குடையாகத் தூக்கி நிற்கிறார் கண்ணன். கீழே ஒருவன் ஒன்றுமே நடக்காதது மாதிரி பால் கறந்துகொண்டிருக்கிறான்; பசு தன் கன்றை நக்குகிறது; ஒருத்தி பானையும் சுருட்டிய பாயுமாகப் போகிறாள். அத்தை பாய்க்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் 1985-ல் பாய் சுமந்து வீடு வீடாகப் போட்டவர்களில் பெரியம்மாவும் ஒருத்தி.

கடற்கரையில் மேடை வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குப்பத்தில் படகுகளை டிராக்டர் கட்டி மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈவென்ட் மேனேஜர் தம்பியிடம் நம்பிக்கை இல்லாத அத்தை, வலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், ‘ஏன் நைனா, கடல் நெறம் எப்படி இருக்குது? காத்து இன்னா சொல்லுது?’ என்று கேட்டாள். அவர் மடியிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பச்சையும் சிவப்புமாகச் சுழல்கிற காற்று வரைபடத்தைக் காட்டினார். ‘நாளிக்கு நைட்டு பத்து மணிக்கு மேல பாருக்கா. இந்த செவப்பு நேரா இங்கதான். யாரு இங்க மேட போடச் சொன்னது?’

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மன்னிப்புச் செய்திகள் மழைக்கு முன்னால் பெய்தன. கூப்பிய கை, அழுகிற முகம், குடை. பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டாகிவிட்டது. புயல் கடக்கும் நேரத்தில் ஈசிஆரில் பஸ் ஓடாது என்றார்கள். சில விமானங்கள் ரத்து. எல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் ஞாயிறு முகூர்த்தத்துக்கும் சேர்த்து வெள்ளியே மன்னிப்புக் கேட்ட முன்யோசனையை என்னவென்று சொல்வது! கனடாவில் முட்டளவு பனியைத் தள்ளிவிட்டு ஆபீஸ் போகிற சித்தி மகன், விமானநிலைய ஓட்டலிலிருந்து ‘ரிஸ்க் எடுக்கவேண்டாம் என்று பார்க்கிறோம்’ என்று எழுதினான்.

மேடையின் பூ வளைவு மாலையே போய்விட்டது. சங்கீத் உள்ளே கண்ணாடிச் சுவர் வைத்த ஹாலுக்கு மாறியது. மாற்றியதற்குத் தனிக் கட்டணம். ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்றம் என்று ஒரு பத்தி இருந்தது. அதன் சாரம், சீற்றம் கடவுளுடையது, செலவு உங்களுடையது. நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் கரையைக் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், இடையிடையே 85 என்று வானிலை மையம் சொன்ன எண்கள் காகிதத்தில் சாதுவாகத்தான் இருக்கும். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே நின்று கேட்டால் அப்படி இல்லை. மின்சாரம் போய், ஜெனரேட்டர் வந்து, அதுவும் இருமி நின்றது. இந்திப் பாட்டு பாதியில் அறுந்தது. அப்போது ஒரு சர்வர் பையன், ஒடிசாக்காரன், யார் சொல்லியும் அல்ல, ஒரு ஸ்டூலைப் போட்டுக் கண்ணாடிகளின் குறுக்கே பெருக்கல் குறியாகப் பேக்கிங் டேப் ஒட்ட ஆரம்பித்தான். ஒட்டி முடித்து, அத்தையின் நாற்காலியை அத்தையோடு சேர்த்துத் தூக்கி, சுவரோரம் வைத்துவிட்டுப் போனான். அத்தைக்கு ஒடியா தெரியாது, அவனுக்குத் தமிழ் நாலு வார்த்தை. விடியும்வரை அவனுக்குப் பக்கத்தில் இடம்போட்டு, பாட்டி சாபத்தையும் டிராக்டர் மாப்பிள்ளையையும் அவள் முழுசாகச் சொன்னாள். அவன் எல்லா இடத்திலும் சரியாகச் சிரித்தான்.

சனிக்கிழமை வரவேற்புக்கு 600 பேருக்குச் சமைத்தார்கள். நான்கு வகை தோசை, பாஸ்தா, பானிபூரி, நேரடி ஜிலேபி. வந்தவர்கள் நூறைத் தாண்டமாட்டார்கள். மிச்சத்தை ராத்திரியே இரண்டு வண்டியில் ஏற்றிக் குப்பத்துக்கு அனுப்பினோம். வலைக்காரப் பெரியவர் மறுநாள் வந்து, ஜிலேபி நன்றாக இருந்தது, அந்த வெள்ளைக் குழாய் பதார்த்தம் வேகவே இல்லை என்று அபிப்பிராயம் சொன்னார்.

ஞாயிறு காலை காற்று அடங்கிவிட்டது. முகூர்த்தம் பழுதில்லாமல் நடந்தது. ஈசிஆர் திறந்திருந்தது, பஸ் ஓடியது. ஆனால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டவர்கள் வெளிச்சம் வந்ததைப் பார்த்த பிறகும் வரவில்லை. சொன்ன சொல் தவறாத வம்சம். எல்லோரும் வீட்டிலிருந்தே நேரலையில் அட்சதை போட்டார்கள். மணமக்கள் கால்மாட்டில் இருந்த டேப்லெட்டில் பூக்களும் இதயங்களும் கொட்டின. அது நனையவில்லை, புகையவில்லை. யாருக்கும் காய்ச்சலும் இல்லை. அண்ணன் மகள் அழவும் இல்லை. அந்தப் பெண் மறுவீட்டுக்கு முன்பே அலுவலக மீட்டிங் ஒன்றை முடித்துவிட்டாள்.

மொய்க்கு நோட்டு கிடையாது. பத்திரிகையின் பின்பக்கத்திலேயே க்யூஆர் கோடு. வெள்ளி ராத்திரி டவர் போனதில் சிலரது பணம் நடுவழியில் நின்றது. தாம்பரத்துச் சித்தப்பா 5,001 அனுப்பினார். அவர் கணக்கில் கழிந்துவிட்டதாக அவர் போன் சொன்னது. வரவில்லை என்று அண்ணி போன் சொன்னது. அப்படிச் சிக்கிய பணம் சில நாளில் அனுப்பியவர் கணக்குக்கே திரும்பிவிடும். சித்தப்பா பாஸ்புக் போட்டுப் பார்க்கிற ஆளில்லை. அண்ணி எக்ஸெல்லில் எல்லார் பெயருக்கும் நேரே தொகை, தேதி, நேரம், நிமிடம் என்று நிரப்பி வைத்திருக்கிறாள். சித்தப்பா பெயருக்கு நேரே பூஜ்யம். தாத்தா மாதிரி 5,001 என்றே எழுதிக்கொள்ளலாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

‘அதெப்படி? ஸ்க்ரீன்ஷாட் இருக்குதே’ என்றாள் அண்ணி.

சித்தப்பாவிடமும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.